அமல்தாஸின் உடம்பு போட்ட சண்டை

அமல்தாஸின் நுரையீரலில் குடியேறிய கிருமி எந்த மருந்துக்கும் மசியவில்லை. காசநோய் குணமாகியும் அது நெஞ்சுக்குள் விட்டுப்போன பள்ளங்களில் இந்தக் கிருமி வந்து தங்கிவிட்டது. சாந்தோம் கரையில் கரைவலை இழுத்த கை, தண்ணீர் டம்ளரைத் தூக்கவே நடுங்கியது. அவன் மனைவி ஜெனிதா மீன் வியாபாரத்தை அக்காவிடம் விட்டுவிட்டு, அடையாறில் ஓர் ஆஸ்பத்திரியில் அவனோடேயே கிடந்தாள்.

ஒருநாள் டாக்டர் வைதேகி கட்டிலருகே வந்து நின்றார்.

"பாக்டீரியாவை மட்டும் பிடிச்சுக் கொல்ற வைரஸ்னு ஒண்ணு இருக்கும்மா. இவர் சளியில இருக்கற கிருமியைக் கொல்றது எங்க லேப்ல கிடைச்சிருக்கு. ஏத்திப் பார்க்கலாமா?"

ஜெனிதா பதறினாள். "வைரஸா? கொரோனா மாதிரியா மேடம்?"

"இது மனுஷனைத் தொடாது. சாக்கடைத் தண்ணியிலருந்து பிரிச்சு, நல்லா சுத்தம் பண்ணி எடுத்தது."

சாக்கடை என்றதும் அமல் இருமலுக்கு நடுவே சிரித்துவிட்டான். "ஆத்து வாயில வலை போடும்போது அந்தத் தண்ணியிலதான நிக்கிறோம். ஏத்துங்க மேடம்."

ஏற்றினார்கள். காய்ச்சல் இறங்கியது. இருமலும் அடங்கி, அவன் வீட்டுக்கு வந்தான். வாராவாரம் போய் ஏற்றிக்கொண்டு வந்தால் போதும் என்றார்கள்.

ஜெனிதா சும்மா இருப்பாளா? எதிர்ப்புச் சக்தி ஏறட்டும் என்று சுறாப்புட்டும் நண்டு ரசமுமாக ஆக்கிப் போட்டாள். கோயிலில் மெழுகுவத்தி ஏற்றும்போதும், "மாதாவே, இவர் ஒடம்புக்குச் சண்டை போடத் தெம்பு குடும்மா" என்றுதான் வேண்டினாள். ஒரு சாயங்காலம் அவன் தானாகவே எழுந்து கடற்கரைக்குப் போய், வலை இழுப்பவர்களோடு நின்று கயிற்றில் கை வைத்தான். பின்னாலேயே போயிருந்த ஜெனிதா, கண்ணில் மண் விழுந்தவள்போலக் கசக்கிக்கொண்டாள்.

கொஞ்ச காலத்தில் காய்ச்சல் திரும்பி வந்தது. இந்தத் தடவை அந்த வைரஸ் மருந்தை எவ்வளவு ஏற்றியும் இறங்கவில்லை.

வைதேகி அவளைத் தன் அறைக்கு அழைத்து, மேஜைமேல் இரண்டு கண்ணாடித் தட்டுகளை வைத்தார். "இந்த வெள்ளைப் படலம்தான் கிருமி. இதுல ஓட்டை ஓட்டையா இருக்கு பாருங்க, அங்கெல்லாம் வைரஸ் கிருமியைக் கொன்னிருக்கு. இன்னொண்ணுல அதே வைரஸோட, உங்க வீட்டுக்காரர் ரத்தத்துலருந்து பிரிச்ச நீரையும் கலந்து விட்டோம்."

அந்தத் தட்டில் ஓர் ஓட்டைகூட இல்லை.

"இன்னா மேடம் இது?"

"அவர் உடம்புக்கு அந்த வைரஸும் வெளியாள்தானேம்மா. அதை எதிர்த்து ஆன்டிபாடியை உண்டாக்கிடுச்சு. வைரஸ் தன் வாலாலதான் கிருமி மேல ஒட்டணும். ஆன்டிபாடி போய் அந்த வால்லயே அப்பிக்குது. அப்புறம் அதால ஒட்டவே முடியாது."

"காப்பாத்த வந்தத்தயா?" என்றாள் ஜெனிதா. "நான் ஆக்கிப் போட்டதாலயா மேடம்? தெம்பு வரட்டும்னு..."

"ஐயோ, இல்லம்மா. சாப்பாட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. சிலருக்கு இப்படி ஆயிடுது. இந்த ஆன்டிபாடிக்குப் பிடிபடாத வேற வைரஸைத் தேடிட்டுதான் இருக்கோம்."

ஜெனிதா தலையாட்டினாள். மனசு மட்டும் கேட்கவில்லை.

வார்டுக்குத் திரும்பியதும் அமல் கேட்டான்: "இன்னா சொன்னாங்க?"

"உன் ஒடம்பு செம ஸ்ட்ராங்காம். உள்ள சண்டை போட்டுக்கினு கீதாம்."

"பின்ன?" என்றான் அவன், மூச்சு இரைக்க, பெருமையாக. "கடல்காரன் ஒடம்பாச்சே."

அவள் பாத்ரூமுக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

மழை விடாமல் பெய்த ஒரு காலையில் அமல் போய்விட்டான்.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து வைதேகி வீடு தேடி வந்தார். வாசலிலேயே நின்று, தயங்கித் தயங்கிச் சொன்னார்: "வேற வைரஸ் ஒண்ணு நேத்து கிடைச்சதும்மா. அவரோட கிருமியைக் கொல்லுது. அவர் ரத்தத்தைக் கலந்தும் கொல்லுது."

ஜெனிதா அவரையே வெறித்துப் பார்த்தாள்.

"இத்த ஏன் என்னாண்ட வந்து சொல்றீங்க?"

வைதேகியின் கண்கள் நிறைந்துவிட்டன. தூறல் அவர் தோளை நனைத்துக்கொண்டிருந்தது. போங்க என்று சொல்லவும் ஜெனிதாவுக்கு வாய் வரவில்லை, உள்ளே வாங்க என்று சொல்லவும் வரவில்லை. கதவைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தாள்.