தில்லைநாதனின் பாலைவனச் சுற்றுலா

1985இல் சுவிஸ் தலைநகர் பேர்ணில் அகதி விசாரணைகளுக்கு மொழிபெயர்ப்பாளராகப் போய்வந்தேன். மன்னாரில் பிறந்து, தாதி வேலைக்கு வந்து, ஜெர்மன் படித்து ஓஸ்டர்முண்டிகனில் குடியிருந்த என்னைவிட்டால் அப்போது அவர்களுக்கு ஆள் இல்லை. ஒரே ஒரு சட்டம்: சொன்னதை மட்டும் சொல்ல வேண்டும். கூட்டவோ குறைக்கவோ நானாக எதுவும் கேட்கவோ கூடாது. வாயாடி மக்டலின் என்று பெயரெடுத்த எனக்கு அது பெரிய தண்டனை.

அன்றைக்கு வந்தவர் தில்லைநாதன். யாழ்ப்பாணத்தில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜர், நாற்பத்தாறு வயது. அவர் குடியிருந்த ஒழுங்கையை, அந்தச் சின்னத் தெரு முழுவதையும், ஆமி எரித்தபிறகு ஓடிவந்தவர். இங்கே இருக்க விடுவார்களா, திருப்பி அனுப்புவார்களா என்பது அந்த மூன்று மணித்தியால விசாரணையில்தான் தங்கியிருந்தது. மனிதர் என்ன செய்தார்? அதிகாரி கைகுலுக்கியதும் பையைத் திறந்து குடும்பப் பட அல்பத்தை நீட்டினார்.

எங்கள் ஆட்களின் பழக்கம் இது. வீட்டுக்கு வந்தவர் கையில் அல்பத்தைத் திணித்துவிட்டுத்தான் தேத்தண்ணி வைக்கப் போவோம். ஆனால் விசாரணைக்கும் அல்பத்தோடு வந்தவரை அன்றுதான் கண்டேன்.

அதிகாரி மரியாதைக்குப் புரட்டினார். கலியாணம், மகள் பெரியபிள்ளையான சாமத்திய வீடு, தேர்த் திருவிழா. கடைசிப் பக்கத்தில் விரல் நின்றுவிட்டது. ஒரே மணல். மணலில் பழைய யுத்த டாங்கி ஒன்று. அதில் சாய்ந்தபடி, வைக்கோல் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாகத் தில்லைநாதன், பல் முழுக்கத் தெரியும் சிரிப்போடு.

"எல் அலமெய்ன்!" என்று அதிகாரி கதிரையிலிருந்து அரைவாசி எழும்பிவிட்டார். இரண்டாம் உலக யுத்தத்தில் பேர்போன எகிப்தியப் பாலைவனப் போர்க்களம் அது.

தில்லைநாதன் விளக்கினார். "இஞ்ச அனுப்பின ஏஜென்சிக்காரன் வழியில எங்களைக் கெய்ரோவில கொண்டுபோய் வைச்சிருந்தவன். ஹோட்டலுக்கையே கிடந்தா பொலிசுக்குச் சந்தேகம் வரும், உல்லாசப் பயணி மாதிரிச் சுத்திப் பாருங்கோ எண்டான். பிரமிட்டுக்குப் போற பஸ் நிரம்பிப் போச்சு. போர்க்களம் பாக்கிற பஸ்ஸிலதான் இடமிருந்தது. தொப்பியும் அவன்தான் தந்தவன். சிரியுங்கோ எண்டும் சொன்னவன்."

சண்டைக்குப் பயந்து ஓடியவரைச் சண்டை பார்க்கச் சுற்றுலா அனுப்பியிருக்கிறான், படுபாவி. அவர் சொன்னதை ஜெர்மனில் ஒழுங்காகச் சொன்னேன், என்னுடைய படுபாவி நீங்கலாக.

அதிகாரி அதைக் காதில் வாங்கவேயில்லை. இந்த நாடு சண்டை கண்டு நூறு வருடத்துக்கு மேலாகிறது. ஆனாலும் ஆம்பிளைகள் வருடா வருடம் மூன்று கிழமை இராணுவப் பயிற்சிக்குப் போய், துப்பாக்கியை வீட்டு அலுமாரியில் வைத்திருக்கிறார்கள். இவருக்கு யுத்தம் தபால் முத்திரை சேர்ப்பது போல ஒரு பொழுதுபோக்கு. எப்போது தொடங்கியது, எந்தப் பக்கத்திலிருந்து அடித்தார்கள் என்று கேட்டுக்கொண்டே போனார். கடைச் சாமான் எல்லாவற்றையும் மனதில் வைத்திருந்த மனேஜர் அல்லவா, தில்லைநாதன் தடுமாறாமல் சொன்னார்: "நாப்பத்திரண்டு ஒக்ரோபர் இருபத்திமூண்டு, இரவு. கல்லறை ஏழாயிரத்துக்கு மேல." அங்கேதான் எல்லாம் பலகையில் எழுதியிருக்கிறதே. கோப்பி வந்தது. பிஸ்கட்டும் வந்தது. இரண்டு மணித்தியாலம் போனது.

பிறகுதான் அதிகாரி மணிக்கூட்டைப் பார்த்தார். "சரி, உங்கள் ஊர்ச் சம்பவம். திகதி?"

"மாரி காலம். வியாழனோ வெள்ளியோ தெரியேல்லை."

"நேரம்?"

"ஓடேக்கை மணிக்கூடு பாக்கேல்லை ஐயா."

"எத்தனை பேர் இறந்தார்கள்?"

தில்லைநாதன் மேசையைப் பார்த்தார். "ஒருத்தரும் எண்ணேல்லை."

சொன்னதை மட்டும் சொன்னேன். எரிந்த ஒழுங்கையில் ஒரு அறிவித்தல் பலகையும் வழிகாட்டியும் வைக்காமல் விட்டது எங்கள் பிழைதான் என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்துக் கடிதத்தோடு என் வீட்டுக்கு வந்தார். நிராகரிப்பு. தமிழில் வாசித்துக் காட்டினேன். 'யுத்த நிகழ்வுகளைத் திகதி, எண்ணிக்கையோடு துல்லியமாக விபரிக்கும் ஆற்றல் விண்ணப்பதாரருக்கு உண்டு. சொந்த ஊரைப் பற்றி மட்டும் அவ்வாறு விபரிக்க முடியாமை நம்பத்தகுந்ததல்ல. மேலும், உயிருக்கு அஞ்சித் தப்புபவர் வழியில் சுற்றுலா செல்வதில்லை.' மேன்முறையீட்டுக்கு முப்பது நாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அண்ணை, அந்தப் படத்தை ஏன் கொண்டுபோய்க் காட்டினீங்கள்? கிழிச்சு எறிஞ்சிருக்கலாமே!"

"எறிய மனம் வரேல்லை, தங்கச்சி," என்றார். "அங்க செத்தவைக்கு ஆளுக்கொரு கல்லு. பேர், வயசு எல்லாம் வெட்டிக் கிடக்கு. பேர் தெரியாதவனுக்கும் ஒண்டு. படம் எடுத்தாப் பிறகு பஸ்ஸுக்குப் பின்னால நிண்டு அழுதனான். என்ர பிள்ளைக்கு இப்பிடி ஒண்டு இல்லையே எண்டு."

"எந்தப் பிள்ளைக்கு?"

"மூத்தவன். தவச்செல்வன். பத்தொன்பது வயசு. அண்டைக்கு எங்கட ஒழுங்கையில செத்த ஆக்களில அவனும் ஒராள்."

கடிதம் என் மடியில் கிடந்தது. "இதை ஏன் அண்ணை அங்க சொல்லேல்லை?"

"அவர் பேர் கேக்கேல்லையே, தங்கச்சி. எத்தினை பேர் எண்டுதான் கேட்டவர்."

நானும் அந்த அறையில் மூன்று மணித்தியாலம் இருந்தேன். நானும் கேட்கவில்லை.