நாற்பது கம்ப்யூட்டர்

மயிலாப்பூர்ப் பள்ளிக்கு இன்டர்நெட் மோகம் பிடித்த 1999இல், ஸ்ரீனிவாசராகவன் சார் ஒன்பதாம் வகுப்பில் மேஜையைத் தட்டினார்.

"இன்டர்நெட்ல வந்தா வேதவாக்கா? ஒரு பக்கத்தை எடுத்துண்டு, எழுதினது யாரு, சொன்னது நிஜமான்னு நேர்ல பார்த்துண்டு வாங்கோ!"

எல்லோரும், நேரில் பார்க்க வழியே இல்லாத டைனோசரைப் பிடித்துக்கொண்டார்கள். நொச்சிக்குப்பத்து ஏஞ்சல் மட்டும் பிரவுசிங் சென்டருக்குப் போய், பள்ளியின் புது வெப்சைட்டையே பிரின்ட் எடுத்து வந்தாள்.

"நாப்பது கம்ப்யூட்டர்னு போட்டுகீது சார். எண்ணிப் பாத்தேன், ஒண்ணுதான் கீது. அதுவும் ஆயுத பூஜைக்கு வெச்ச சந்தனம் குங்குமத்தோட, போர்வை போத்திக்கினு தூங்குது."

வகுப்பே கொல்லென்று சிரித்தது.

"ஏஸி ரூமாம். செருப்பைக் கழட்டிட்டு உள்ள போனேன் சார், ஃபேன்கூட சுத்தல."

"போதும், உட்காரு!"

"எழுதினது யாருன்னு இன்னும் சொல்லலியே சார்."

தலைமையாசிரியர் சொன்னாரென்று அந்தப் பக்கத்தை எழுதிக்கொடுத்த சாரின் கை, இப்போது சும்மா சாக்பீஸைத் தேடியது.

ஏஞ்சல் காகிதத்தைத் திருப்பிக் காட்டினாள். "கீழ உங்க பேரு போட்டுகீது. அத மட்டும் நான் நம்பல சார். உங்களையே நேர்ல கேட்டுக்கலாம்னு வெச்சிகீறேன்."