கன்னத்தால் படித்த மொழி

"காலையில் என்ன சாப்பிட்டீர்கள்?"

தேர்வு அதிகாரி இந்த ஊர் மொழியில் கேட்டது அவ்வளவுதான். அவள் பதிலுக்குச் சிரித்தாள். அவர் மறுபடி கேட்டார். மறுபடி சிரித்தாள். தோற்றுப்போனாள்.

தாய், தகப்பன் இரண்டு பேரும் இந்த வாய்மொழித் தேர்வில் தேறினால்தான் பிள்ளையை வரவழைக்க அனுமதி. கணவன் எப்போதோ தேறிவிட்டான். இவளால்தான் மகள் இன்னும் சொந்த ஊரில் அக்கா வீட்டில் கிடக்கிறாள். போனில் "எப்பம்மா கூப்பிடுவே?" என்று கேட்டுக் கேட்டு இப்போது கேட்பதையும் விட்டுவிட்டாள்.

வகுப்பு ஆசிரியை நல்லவள். படம் காட்டினாள், பாட்டுப் போட்டாள், வார்த்தைகளை அட்டையில் எழுதிக் கையில் கொடுத்தாள். ஒன்றும் ஏறவில்லை. கடைசியில் கணவனைக் கூப்பிட்டுச் சொல்லி அனுப்பினாள். அவன் சாப்பாட்டு மேசையில் அதை ஒப்பித்தான்.

"ஒவ்வொருத்தருக்கும் மொழி ஏறுற வழி வேறயாம். சிலருக்குக் கண்ணு, சிலருக்குக் காது, சிலருக்குக் கை. உன் வழி எதுன்னு நீயே கண்டுபிடிக்கணுமாம்."

"முதல்ல மூளை இருக்கான்னு கண்டுபிடிக்கச் சொல்லுண்ணா" என்றாள் கூடவே தங்கியிருந்த நாத்தனார்.

இவளுக்கு ஒரு ஹோட்டலின் சலவைக்கூடத்தில் வேலை. படுக்கை விரிப்புகளைச் சூடான உருளையில் நுழைக்க வேண்டும். ஒருநாள் சரியாகக் காயாத விரிப்பை நுழைத்துவிட்டாள். அது உருளையில் சுற்றிக்கொண்டு புகைந்தது. மேற்பார்வைக்காரி பாய்ந்து வந்து இயந்திரத்தை நிறுத்தி, எல்லோர் முன்னாலும் இந்த ஊர் மொழியில் கத்தினாள்: "ஈரம்! ஈரம்கூடத் தெரியாதா, மரமண்டை?"

வீடு திரும்பும்போது பஸ்ஸில் அந்த வாக்கியம் முழுசாக, ஏற்ற இறக்கத்தோடு மனசில் ஓடியது. அவளுக்கே ஆச்சரியம். தெரிந்த மற்ற வார்த்தைகளையும் யோசித்துப் பார்த்தாள். 'இறங்கு' பஸ் டிரைவர் எரிந்து விழுந்து சொன்னது. 'தொடாதே' பழக்கடைக்காரன் கையைத் தட்டிவிட்டுச் சொன்னது. அவமானப்படுத்திய வார்த்தைகள் மட்டும்தான் நின்றிருந்தன. அன்பாகச் சொல்லிக்கொடுத்தது ஒன்றுகூட இல்லை.

கண்டுபிடித்துவிட்டாள்! அந்தச் சந்தோஷத்தில் வீட்டில் போய் அதைச் சொன்னாள். அதுதான் அவள் செய்த தப்பு.

"அட, இவ்வளவுதானா? நான் இருக்கேன் அண்ணி, கவலையை விடுங்க" என்றாள் நாத்தனார்.

மறுநாளே பாடம் ஆரம்பமானது. நாத்தனார் கரண்டியைத் தூக்கிக் காட்டுவாள். பதில் வராவிட்டால் தண்டச்சோறு, தெண்டம், பிள்ளையை விட்டுட்டு வந்தவ என்று அந்த மொழியிலேயே அர்ச்சனை. பிறகு கரண்டிக்கு வார்த்தை சொல்வாள். ஒட்டிக்கொள்ளும்.

"ஏய், ரொம்பப் பேசாதே" என்றான் கணவன், முதலில்.

"படிப்புக்குத்தானேண்ணா."

சரிதான் என்று அவனும் சேர்ந்துகொண்டான். 'கதவு' வரவில்லை என்று வெளியே நிறுத்தித் தாழ்ப்பாள் போட்டான். பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொண்டே போனார்கள். கதவு வந்துவிட்டது. இன்னொரு நாள் ஒரு வார்த்தைக்குத் திணறியபோது பளாரென்று விழுந்தது. யாரும் பதறவில்லை. வார்த்தை வருகிறதா என்று மூன்று பேருமே காத்திருந்தார்கள், அவள் உட்பட.

வந்தது.

"பாத்தியா!" என்று துள்ளினான் கணவன்.

"சிலருக்குக் கண்ணு, சிலருக்குக் காது. நம்ம அண்ணிக்குக் கன்னம்!"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

இரண்டாம் தடவை அதிகாரியிடம் அவள் மடமடவென்று பேசினாள். அவர் அசந்துபோனார். "எங்கே படித்தீர்கள்?"

"வீட்டில்தான். எல்லோரும் உதவினார்கள்."

மகள் வந்து சேர்ந்தாள். அதோடு அடி நின்றது. ஏச்சு மட்டும் நிற்கவில்லை. "மறந்துடக் கூடாதில்ல அண்ணி?"

குழந்தைக்கு எந்தப் பாடமும் தேவைப்படவில்லை. பள்ளிக்கூடத்தில் ஊஞ்சல் ஆடிக்கொண்டே, சண்டை போட்டுக்கொண்டே படித்துவிட்டாள். கோடை முடிவதற்குள் வீட்டிலும் அந்த மொழிதான் பேசினாள். அம்மா அந்தப் பக்கமே வராமல் சமையலறையில் ஏதாவது வேலை தேடிக்கொண்டாள்.

"குட்டி, என்கிட்ட நம்ம பாஷையில பேசேன்."

"ஏம்மா? உனக்குத்தான் இது நல்லாத் தெரியுமாமே. அத்தை சொன்னாங்க."

ஒருநாள் குட்டி பின்னால் ஓடி வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டு, "உன்னை எனக்கு ரொம்பப் பிடிக்கும்" என்றாள், அந்த மொழியில். அம்மாவின் தலை சட்டென்று குனிந்தது. தோள் கூசிச் சுருங்கியது. கை கன்னத்தை மூடிக்கொண்டது.

குழந்தை விழித்தாள். பிறகு களுக்கென்று சிரித்தாள். இன்னொரு தரம் சொன்னாள். அம்மா இன்னொரு தரம் குனிந்தாள்.

"அப்பா! அத்தை! ஓடி வாங்க, அம்மா விளையாட்டைப் பாருங்க!"

இரண்டு பேரும் வந்து சமையலறை வாசற்படியில் நின்றார்கள்.

"எங்கே, மறுபடி சொல்லு பார்ப்போம்" என்றான் கணவன்.

குட்டிக்கு ஒரே பெருமை. நாற்காலியில் ஏறி, அம்மாவின் காதருகே வாயை வைத்தாள். இந்தத் தடவை அசையக் கூடாது என்று அம்மா சமையல் மேடையின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள், பல்லைக் கடித்துக்கொண்டாள்.

குழந்தை கொஞ்சிக்கொண்டே சொன்னாள்.

கழுத்து அம்மாவின் பேச்சைக் கேட்காமல் குனிந்தது. குட்டி நாற்காலியிலேயே குதித்துக் குதித்துக் கை தட்டினாள்.