பத்தே காலுக்குப் போட்ட அஞ்சலி

பெரியநாயக்கன்பாளையத்தில் நான் லோக்கல் சேனல் ஆரம்பித்து முப்பத்தைந்து நாள்தான் ஆகியிருந்தது. மாடியில் ஓர் அறை, ஒரு வி.சி.ஆர்., ஒரு கேமரா. நாள் முழுக்கப் பழைய பாட்டு போடுவேன். ஊர் பார்த்தது நடுவே வரும் சாவுச் செய்தியைத்தான்.

அன்று காலை பத்து மணிக்கு, மில்காரர் தம்பிதுரை அண்ணனின் மகன் கிருபாசங்கர் ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தான்.

"அப்பா போயிட்டாருங்க. நாலு மணிக்கு எடுக்கறோமுங்க. சொந்தக்காரங்களுக்குத் தெரியோணும், டிவில போட்டுருங்க. அம்மாவுக்கு நெஞ்சு வலி இருக்குதுங்க, ஊட்டுக்கு வந்து நானே பக்குவமாச் சொல்லிக்கறேன்."

சுறுசுறுப்பானவன் என்ற கர்வம் எனக்கு. கோயில் கமிட்டி நோட்டீஸில் இருந்த படத்தில் அண்ணன் முறைத்துக்கொண்டிருந்தார். அதைக் கத்தரித்து அட்டையில் ஒட்டி, கீழே செய்தியையும் எடுக்கும் நேரத்தையும் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி, கேமராவை முன்னால் நிறுத்தினேன். பத்தே காலுக்கு ஊருக்கே தெரிந்துவிட்டது.

அரைமணி கழித்து டீ குடிக்கும்போதுதான் உறைத்தது. கிருபாசங்கரின் அம்மா நாச்சியம்மாள் அக்கா வீட்டிலும் டிவி இருக்கிறது. போன வாரம் ஏணி போட்டு லைன் இழுத்துக் கொடுத்ததே நான்தான். ஆளிடம் சொல்லி அனுப்பினால் வாசலில் தடுக்கலாம். இது நேரே நடுவீட்டில் அல்லவா போய் நிற்கிறது! கிருபாசங்கருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. படுபாவி நான்!

சேனலை அணைத்துவிட்டு மொபெட்டை முறுக்கினேன். பார்த்திருக்கக் கூடாது மாரியாத்தா, பார்த்திருக்கக் கூடாது என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டே போனேன்.

அக்கா கட்டிலில் தனியாக உட்கார்ந்திருந்தார். எதிரே டிவி புள்ளி புள்ளியாக இரைந்துகொண்டிருந்தது.

"வாங்க கண்ணு. தண்ணி குடிக்கறீங்களா?"

குரலில் ஒரு மாற்றமும் இல்லை. அப்பாடா என்றிருந்தது.

"லைன் கோளாறுங்கக்கா, பாத்துட்டுப் போலாமுன்னு வந்தேனுங்க" என்று கூசாமல் புளுகிவிட்டு, டிவிக்குப் பின்னால் குனிந்து ஒயரைத் திருகினேன்.

அக்கா எழுந்து உள்ளே போனார். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் ஒரு போட்டோ இருந்தது.

"அந்தப் படத்துல மொறைக்கறாப்புல இருக்காருங்க கண்ணு" என்றார். "இது பொண்ணு கல்யாணத்துல சிரிச்சது. இதைப் போடுங்க."

ஒயரைப் பிடித்தபடியே நான் அழுதுவிட்டேன். அக்காதான் என் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

"அழுவாதீங்க. வெரசாப் போங்க கண்ணு, நாலு மணிக்குள்ள எல்லாரும் பாக்கோணுமில்லீங்களா?"