துடைத்துவிட்டுப் போன திருடன்

"கண்ண எங்கய்யா வச்சிருந்த? பொடனியிலயா?"

"கத்தாதம்மா. மூட்டையக் கொண்டாந்து ரோட்டு மேல வச்சிட்டு..."

"எதுய்யா ரோடு? புளியமரத்துக்கு இந்தாண்ட ரோடு எப்ப வந்துச்சு? டீ வாங்க எந்திரிச்சேன், தப்பிச்சேன். இல்லாட்டி வெங்காயத்தோட வெங்காயமா நானும்ல நசுங்கியிருப்பேன்!"

மருதாயியின் குரலுக்குப் பாடாலூர் சர்வீஸ் ரோட்டில் போன பஸ்ஸே ஒரு நிமிடம் நின்று வேடிக்கை பார்த்துவிட்டுத்தான் போனது. சின்ன வெங்காயக் குவியலுக்கு நடுவே கிரீம் நிற பியட் கார் ஒன்று, முன்பக்க இடது சக்கரத்தை நாசூக்காக வைத்து நின்றுகொண்டிருந்தது. அதன் உரிமையாளர் பாலசுந்தரம், பெரம்பலூரில் டிராயிங் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், சாவியைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு, வெங்காயம்தான் தம் மேல் வந்து மோதியது போல நின்றார். வழக்கமாக அவர் சட்டையில் சுருக்கம் இருக்காது, பேச்சில் பிசிறு இருக்காது. அன்று இரண்டும் இருந்தன.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவருடைய பழைய கார்க் கூட்டாளிகள் மூன்று பேரும் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்தார்கள். மருதாயியைச் சமாதானப்படுத்த ஒரே வழிதான் இருந்தது. நசுங்கியது, நசுங்காதது எல்லாவற்றையும் மூவரும் பங்கு போட்டு வாங்கிக்கொண்டார்கள். அந்த வாரம் முழுக்க அவரவர் வீட்டில் வெங்காய சாம்பார், வெங்காய வத்தக்குழம்பு, வெங்காய சட்னி என்று ஓடியது வேறு கதை.

"சாவியக் குடுங்க சார். நான் ஓட்டிக்கிட்டு வரேன்" என்றான் இளவரசன்.

"என் வண்டியத் தொட்டுப்பாரு, அப்பறம் இருக்கு ஒனக்கு" என்றார் சார். அவரேதான் ஓட்டிக்கொண்டு போனார். காவலுக்குக் கூட்டாளிகளின் கார், முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு, எல்லாவற்றிலும் விளக்குகள் மினுக்மினுக்கென்று எரிய, மந்திரி வருகிறார் என்று நினைத்து வழியில் ஒரு போலீஸ்காரர் விறைப்பாக நின்றார் என்று அப்புறம் இளவரசன் சொல்லிச் சிரித்தான். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

பழைய கார் வைத்திருப்பவர்கள் என்றால் ஏதோ ஜமீன் வாரிசுகள் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. அழகேசன் அரியலூரில் பிளெக்ஸ் போர்டு அடிப்பவன். மஞ்சள் நீராட்டு விழாவும் கண்ணீர் அஞ்சலியும் ஒரே மெஷினில் ஓடும். அவன் அம்பாசடரில் பாதி நாள் பிளெக்ஸ் சட்டங்கள்தான் பயணம் செய்யும். இளவரசன் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டும் வீட்டுப் பிள்ளை, கான்டசா வைத்திருந்தான். புதுக்கார் வாங்க வக்கில்லாத மாப்பிள்ளை என்று சொல்லி ஒரு பெண் வீட்டார் நிச்சயம் வரைக்கும் வந்து திரும்பிப் போயிருந்தார்கள். புவனேஸ்வரி வாலிகண்டபுரத்துப் பக்கம் வி.ஏ.ஓ. அப்பா செத்ததும் அண்ணன்மார்கள் நிலத்தை எடுத்துக்கொண்டு, "அப்பா ஞாபகமா இருக்கட்டும் பாப்பா" என்று அவருடைய மாருதி எண்ணூறை அவளுக்குத் தள்ளிவிட்டார்கள். ஊருக்கெல்லாம் பட்டா எழுதிக் கொடுக்கிறவளுக்கு வாய்த்த பங்கு அது. அவள் அழவில்லை, எதிர்த்துப் பேசவில்லை. காரை எடுத்துக்கொண்டு நேரே இவர்கள் டீ குடிக்கும் இடத்துக்கு வந்து, "கிளட்ச்சு கடினமா இருக்கு, யாராச்சும் பாருங்களேன்" என்றாள். அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் வந்தாள்.

ஒருத்தருக்கொருத்தர் ஆறுதல் சொல்லத் தெரியாத கூட்டம் அது. சாரின் மனைவி பொன்னம்மாள் போன வருஷம் போய்ச் சேர்ந்தபோது அழகேசன்தான் அஞ்சலி போர்டு அடித்தான். காரியம் முடிந்த மறுநாள் சார் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அழகேசன் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். "ஆயில் மாத்தி நாளாச்சுல்ல சார்?" என்றான். உறவுக்காரர்கள் காறித் துப்பாத குறை. ஆனால் சார் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். இரண்டு பேரும் காருக்கு அடியில் படுத்துக்கொண்டார்கள். அங்கே, யாருக்கும் முகம் தெரியாத இடத்தில், சார் அழுதார். அழகேசன் ஸ்பேனரைக் கையில் பிடித்தபடி படுத்திருந்தான்.

அதற்கு முன்னால் ஒருமுறை அழகேசனின் மெஷின் புகைந்துபோய்க் கடையே முடங்கியபோது, சார் தினமும் பஸ் ஏறி அரியலூருக்கு வந்து துணியில் கையாலேயே எழுத்து எழுதிக் கொடுத்தார். மெஷினில் அடித்ததைவிட அழகாக இருக்கிறது என்று அப்புறம் ஜனங்கள் கையெழுத்தே கேட்க ஆரம்பித்தது அவனுக்குப் பெரிய தலைவலி.

அப்படிப்பட்ட மனிதரிடம் சாவியை எப்படிப் பிடுங்குவது?

அழகேசனுக்கு இது நேற்று இன்று தெரிந்த சங்கதியில்லை. பியட்டின் இடது பக்கம் கொஞ்ச நாளாகவே கீறல் மேல் கீறலாக இருந்தது. வலது பக்கம் மட்டும் கண்ணாடி மாதிரி இருந்தது. இடது பக்கம் உட்கார்ந்து பேசினால் சார் ஒரு நொடி தேடிவிட்டுத்தான் திரும்பினார். "கண்ணுல பிரஷருன்னு டாக்டர் சொல்றாரு, சொட்டு மருந்து விட்டா சரியாயிடும்" என்று அவரே ஒருமுறை வாய் தவறிச் சொன்னதுண்டு. ஆனால் கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டார். "நேரா பாத்தா ஊசியில நூல் கோப்பேன்டா" என்பார். உண்மைதான், கோத்தும் காட்டுவார். ஊசி நேராகத்தானே இருக்கிறது. உலகம் அல்லவா பக்கவாட்டில் இருக்கிறது.

"வண்டிய நிறுத்திட்டா நானும் அந்த வூட்டோட நின்னுடுவேன்" என்று அவர் ஒருமுறை சொன்னது அழகேசன் காதில் கிடந்தது. மருதாயி எழுந்து போன இடமும் கண்ணிலேயே கிடந்தது.

வெங்காயம் நசுங்கிய அன்று மாலையே அவன் துறைமங்கலத்தில் சார் வீட்டுக்குப் போனான். இடிபட்ட இடத்தைப் பார்க்க வந்தேன் என்றான். சார் டீ போட உள்ளே போனார். அவர்கள் கூட்டத்தில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. அடுத்தவர் காரின் பானெட்டை அவர் திறந்துவிடாமல் இன்னொருவர் திறக்கக் கூடாது. அடுத்த வீட்டு அடுப்படிக்குள் கேட்காமல் நுழைவதற்குச் சமம் அது. அழகேசன் காரின் கதவைத் திறந்து உள்ளே கைவிட்டு, பானெட்டின் பிடியை இழுத்தான். இரண்டு கிளிப்பைத் தள்ளி டிஸ்ட்ரிபியூட்டர் மூடியை எடுத்தான். உள்ளே கட்டைவிரல் அளவில் ஒரு கறுப்புத் துண்டு இருக்கும், ரோட்டர் என்று பேர். அது இல்லாவிட்டால் எஞ்சினுக்குத் தீப்பொறி போகாது. பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். உள்ளே தம்ளர் கழுவும் சத்தம் கேட்டது. வெளியே இவன் மூடியை மாட்டி, பானெட்டைச் சத்தமில்லாமல் இறக்கினான். கல்யாணமான புதிதில் மாமனார் வீட்டில் முறுக்கு திருடித் தின்றபோதுகூட இவ்வளவு பதுங்கியதில்லை.

மறுநாள் எதிர்பார்த்த போன் வந்தது. "அழகேசா, வண்டி ஸ்டார்ட் ஆவல."

"அப்படிங்களா சார்? அடடே!" என்றான் அழகேசன். பக்கத்தில் இருந்த அவன் மனைவி மலர்கொடி, "இந்த அடடே எனக்கே நம்புற மாதிரி இல்ல" என்றாள். அவளிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லியிருந்தான். "பெரிய மனுசன் வயித்தெரிச்சலக் கொட்டிக்காதீங்க. அந்த இரும்ப என்னமோ புள்ள மாதிரி வளத்துக்கிட்டு..." என்று அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனாள்.

மற்ற இருவருக்கும் சொல்லாமல் முடியுமா? புவனேஸ்வரி முதலில் பயங்கரமாகக் கோபப்பட்டாள். "பானெட்டத் தொறந்தீங்களா? சொல்லாமயா?" என்றாள், ஏதோ கொலை செய்துவிட்டது போல. அப்புறம் மருதாயியை நினைத்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டாள். இளவரசன் உற்சாகமாகிவிட்டான். "சூப்பர்ணே. நாம ரிப்பேர் பாக்குற மாதிரி பாப்போம்."

அப்படித்தான் அந்த மகத்தான ரிப்பேர் தொடங்கியது. ஆளுக்கொரு நாள் வந்தார்கள். காயில் என்றார்கள், ஒயரிங் என்றார்கள், பெட்ரோல் பம்ப்பில் தூசு என்றார்கள். சார் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுக்கொண்டார். "அது வரைக்கும் எங்க வண்டியில வாங்க சார்" என்று மார்க்கெட்டுக்குக் கூட்டிப் போனார்கள், பென்ஷன் ஆபீசுக்குக் கூட்டிப் போனார்கள். புவனேஸ்வரி லீவு போட்டுவிட்டுத் திருச்சிக் கண் ஆஸ்பத்திரிக்கே கூட்டிப் போனாள். போன பார்வை போனதுதான், இருப்பதைக் காப்பாற்றலாம், வண்டி மட்டும் ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொன்னார். திரும்பி வரும் வழியில் அவள் கியர் மாற்றுவதையே சார் பார்த்துக்கொண்டு வந்தார். சிறுவாச்சூர் தாண்டும்போது, "மூணாவது கியர்லேயே ஓட்டாத, எஞ்சின் அலறுது" என்றார். சார் வீட்டுச் சமையலறையில் மறுபடி பருப்பு டப்பா நிறைந்தது. இளவரசன் தன் கல்யாணப் பேச்சுகளின் தோல்விகளையெல்லாம் அங்கே வந்துதான் விலாவாரியாகச் சொன்னான். அடுத்த வீட்டுக் கமலவேணி, இந்தக் காருக்கு என்னதான் வியாதி என்று தெருவெல்லாம் விசாரித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு மத்தியானம் அழகேசன் மட்டும் வந்திருந்தான். பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு, ஒன்றும் இல்லாத இடத்தில் எதையோ முறுக்கிக்கொண்டிருந்தான்.

"அழகேசா" என்றார் சார். "எந்தத் திருடனாச்சும் திருடிட்டு, துடைச்சு வச்சிட்டுப் போவானாடா?"

அழகேசனின் தலை பானெட்டில் இடித்தது.

"மொத நாளே மூடியத் தொறந்து வெரல விட்டுப் பாத்தேன். ரோட்டர் இல்ல. சரி. ஆனா மூடிக்குள்ள ஒரு பொட்டு கரி இல்ல. வெளக்கி வச்ச வெங்கலம் மாதிரி இருந்துச்சு. இளவரசன் சோம்பேறி, துடைக்க மாட்டான். புவனா தொடவே மாட்டா. அப்ப யாரு?"

அழகேசன் கையிலிருந்த ஸ்பேனரையே பார்த்தான். துடைத்தது அவனுக்கு ஞாபகமே இல்லை. கரியைப் பார்த்ததும் கை தானாகக் கைக்குட்டையை எடுத்திருக்கிறது. "மன்னிச்சிடுங்க சார்" என்றான்.

"கேளு. டிக்கியில ஸ்டெப்னிக்கு அடியில ஒரு ஸ்பேர் ரோட்டர் வச்சிருக்கேன். பழைய வண்டிக்காரன் ஸ்பேர் இல்லாமயா இருப்பான்? ஒன் மேல வந்த ஆத்திரத்துல மறுநாள் அத எடுத்து மாட்டினேன். ஒரே செல்ப்ல புடிச்சிச்சு. ரிவர்ஸ் போட்டேன். ‘சார் சார், நான் நிக்கிறேன்’னு ஒரு கத்து. கமலவேணி, கோலமாவுக் கிண்ணத்தோட."

சார் ஸ்டூலை இழுத்துக் காருக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"கழுத்தத் திருப்பினேன். அங்க இருந்தா. திருப்பறதுக்கு முந்தி அந்த எடத்துல யாருமே இல்லடா. இருட்டுன்னாக்கூட இருட்டா இருக்கும்ல? அதுவும் இல்ல. காலி வாசல்தான் இருந்துச்சு. அவள அழிச்சிட்டு வாசல வரைஞ்சு வச்ச மாதிரி. நாப்பது வருசம் புள்ளைங்களுக்கு, இருக்கறத வரைங்கடான்னு சொல்லிக் குடுத்தவன் நான்."

காரின் இடது பக்கக் கீறலை விரலால் தடவினார்.

"அப்பறம் நானே கழட்டிட்டேன்" என்றார்.

"அப்ப ஏன் சார் இத்தன நாளா எங்கள..." என்று ஆரம்பித்த அழகேசன் நிறுத்திக்கொண்டான். சில கேள்விகளைக் கேட்டு முடிக்கக் கூடாது என்று பிளெக்ஸ்காரனுக்குக்கூடத் தெரியும்.

சார் எழுந்து டீ போடப் போனார். வாசற்படியில் நின்று திரும்பினார். "நாளைக்குப் புவனா வரேன்னிருக்கா. கார்புரேட்டரக் கழட்டித் தொலைச்சிடப் போறா. அது நல்லாத்தான் இருக்கு, வேற எதையாச்சும் ரிப்பேர் பாக்கச் சொல்லு."

அதற்குப் பிறகும் ரிப்பேர் நடந்தது. எல்லோருக்கும் எல்லாம் தெரிந்து, யாரும் வாயைத் திறக்காமல் நடந்த ரிப்பேர். ஆனால் ஆயுசுக்கும் நடக்குமா? பொங்கலுக்கு வந்த சாரின் மகள் இலக்கியா, அப்பா காப்பித் தம்ளரைத் தேடிக் கையால் துழாவியதை இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாம் நாள் துணிமணியை எடுத்துவைத்து, கோயம்புத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். கமலவேணி அழுதாள் என்கிறார்கள், இருக்கலாம். பியட்டை விற்கவில்லை. அவர் கிளம்பும் அன்று அழகேசன் ரோட்டரைத் திரும்ப மாட்டினான், புவனேஸ்வரி அதை அரியலூருக்கு ஓட்டிவந்தாள். சார் இடது பக்கம் உட்கார்ந்து, வழி நெடுக இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். அழகேசன் வீட்டு வாசலில் அது நின்றதும், ஒரு முறை சுற்றி வந்து தடவிப் பார்த்துவிட்டுப் பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். "ஒரு இரும்பு போதாதுன்னு ரெண்டாவது வேறயா?" என்று மலர்கொடி அவர் காது கேட்காத தூரம் போனதும் கேட்டாள்.

இளவரசனுக்கு வைகாசியில் கல்யாணம் ஆனது. பெண் ஜெயங்கொண்டத்துச் சுவாதி. கான்டசாவைப் பார்த்துவிட்டுத்தான் சம்மதம் சொன்னாள் என்று அவன் சொல்லிக்கொள்கிறான், அவள் வேறு மாதிரி சொல்கிறாள். இருவரும் நாமக்கல் பக்கம் லாரித் தொழிலுக்குப் போய்விட்டார்கள். புவனேஸ்வரிக்குப் பூலாம்பாடிக்கு மாற்றலானது. மாதத்தில் ஒரு ஞாயிறு வருகிறாள், சில மாதம் அதுவும் இல்லை.

கோயம்புத்தூரிலிருந்து ஞாயிறுதோறும் போன் வரும். நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது. "ஸ்டார்ட் பண்ணு" என்பார் சார். அழகேசன் பியட்டை ஸ்டார்ட் செய்து போனை அருகில் பிடிப்பான். அவ்வளவுதான். ஆடி மாதம் ஒரு ஞாயிறு அவன் பிளெக்ஸ் ரோல் வாங்கத் திருச்சிக்குப் போய், போனை வீட்டிலேயே மறந்துவிட்டான். மணி அடித்தது. மலர்கொடி எடுத்து, "அவரு இல்லீங்களே" என்றாள். அந்தப் பக்கம் பேச்சே இல்லை. போனை வைக்கவும் இல்லை. பிறகு ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். புருஷன் செய்வதைப் பார்த்துப் பார்த்து வைத்திருந்த வரிசையில் சோக்கை இழுத்து, சாவியைத் திருகினாள். வண்டி ஒருமுறை கனைத்துவிட்டு ஓட ஆரம்பித்தது. தெருவில் போன சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று வெள்ளைப் புழுதியை அள்ளி அவள் மேல் போட்டுவிட்டுப் போனது. நைட்டிக்கு மேல் போட்ட துண்டோடு, ஒரு காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, மலர்கொடி போனைப் பானெட்டுக்கு மேலே கைநீட்டிப் பிடித்தபடி, கண்ணை இடுக்கிக்கொண்டு அங்கேயே நின்றாள்.