தாய்மாமன் விரல்

வீரமணிக்கு எஞ்சின் தெரியும் என்பதில் களமருதூரில் பலருக்கும் சந்தேகம் கிடையாது. அவருக்குச் சுத்தமாகக் கிடையாது. டிராக்டர் நடுவயலில் படுத்துக்கொண்டால் மெக்கானிக்கைத் தேடிப் போகிற ஆள் இல்லை அவர். டீசலைப் பீய்ச்சும் நாஸிலுக்குப் போகும் குழாயின் நட்டைக் கொஞ்சம் தளர்த்துவார், எஞ்சினைச் சுற்றவிடுவார், நுரை அடங்கி வெறும் டீசல் வந்ததும் முடுக்குவார். வண்டி கிளம்பிவிடும். குழாயில் புகுந்த காற்றை இப்படி வெளியேற்றுவதற்கு ‘ஏர்’ எடுப்பது என்று பெயர்.

அப்படிப்பட்டவர் பழைய டீசல் கார் ஒன்று வாங்கி, அதில் சீர்த்தட்டுகளையும் மனைவி அமிர்தத்தையும் ஏற்றிக்கொண்டு கல்வராயன் மலைக்குப் புறப்பட்டார். தங்கை மகள் எழில்மதிக்கு அங்கே குலசாமி கோயிலில் காதுகுத்து. தாய்மாமன் மடி இல்லாமல் ஆசாரி ஊசியைத் தொடமாட்டார். குழந்தைக்கோ மாமன் என்றால் அவருடைய இடது ஆள்காட்டி விரல்தான். அதைப் பிடித்துக்கொள்ளாமல் ஓர் அடி நடக்காது.

கச்சிராயபாளையத்தில் டீசல் போடச் சொன்னாள் அமிர்தம். திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார். மலை ஏறுகையில், டேங்கின் அடியில் கிடந்த கொஞ்சநஞ்ச டீசலும் பின்பக்கம் ஒதுங்கி, கார் வளைவில் நின்றது. பைக்கில் வந்த ஒரு புண்ணியவான் கேனில் டீசல் கொண்டுவந்து கொடுத்தார். ஊற்றியும் கிளம்பவில்லை. அந்நேரம் பார்த்துத் தங்கை கணவன் சுபாஷின் போன் வந்தது. கள்ளக்குறிச்சியில் கார் சர்வீஸ் சென்டர் ஒன்றில் வேலை பார்ப்பவன்; டீசல் தீர்ந்து கார் நின்றதைக் கேட்டதும் சொன்னான்.

“மச்சான், சாவிய ஆன் பண்ணி கொஞ்ச நேரம் வுடுங்க, ஆஃப் பண்ணுங்க, மறுபடியும் ஆன் பண்ணுங்க. டேங்க்ல கீற பம்பே காத்தத் தள்ளிடும். குழாய்ல மட்டும் ஸ்பேனர் போடாதீங்க. இது டிராக்டர் இல்ல.”

“சரி மாப்ள” என்று வைத்தார். சாவியை ஒரே ஒரு தடவை திருப்பிப் பார்த்தார். பிறகு ஸ்பேனரை எடுத்தார்.

“இன்னாங்க, தம்பி வேணாம்னு சொல்லுச்சே?”

“இவன் பொறக்கறதுக்கு முன்னயே நான் டிராக்டர் ஓட்டனவன். நீ செல்ப் அடி.”

மாப்பிள்ளை சொன்னதில் விஷயம் இருந்தது. பழைய டிராக்டரில், ஒவ்வொரு நாஸிலுக்கும் முறை வரும்போது மட்டும் பம்ப் டீசலைத் தள்ளும். இந்தக் காரில் டேங்க் பம்ப் மெதுவாக அனுப்புகிற டீசலை, எஞ்சினோடு சுற்றும் இன்னொரு பம்ப் வாங்கி, ரெயில் என்கிற தடித்த இரும்புக் குழாயில் ஓயாமல் திணித்துக்கொண்டே இருக்கும். டயரில் இருக்கும் காற்றைவிடப் பல நூறு மடங்கு அழுத்தம். அதை அளக்க ஒரு சென்சார். அது சொல்வதைக் கேட்டு அழுத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும், நாஸில்களை இமைப்பொழுது திறந்து மூடவும் ஒரு கம்ப்யூட்டர். டீசல் பொடிப்பொடியாகி நேராகச் சிலிண்டருக்குள் பாயும். வழியில் நட்டு சரியாக உட்காராவிட்டால் வெளியேயும் அப்படித்தான் பாயும். தோலைத் துளைக்க அதற்கு ஊசி வேண்டாம்.

நட்டைத் தளர்த்தி, நுரை போனதும் முடுக்கினார். எஞ்சின் கிளம்பியது. நட்டின் ஓரத்தில் மெல்லிய புகைபோல ஏதோ தெரிந்தது. டிராக்டரில் செய்வதுபோல ஒழுக்கு எங்கே என்று இடது ஆள்காட்டி விரலால் தடவிப் பார்த்தார். சுருக்கென்றது. எஞ்சினை நிறுத்தி நட்டை இன்னும் இறுக்கினார். விரலில் முள் தைத்த மாதிரி ஒரு புள்ளி. வலிகூட இல்லை. வேட்டியில் துடைத்துக்கொண்டு, “பாத்தியா?” என்றார் அமிர்தத்திடம்.

கோயிலுக்குப் போய்ச் சேர்வதற்குள் விரல் கனக்கத் தொடங்கியது. மொட்டை அடித்து, குளிப்பாட்டி, படையல் போட்டுக் காது குத்தி முடிக்க மத்தியானம் ஆகிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மாப்பிள்ளையிடம் காட்டுவதைவிட வலி தேவலை என்றிருந்தது அவருக்கு. மடியில் உட்கார்ந்த எழில்மதி, சவரக்கத்தியைப் பார்த்ததும் மாமன் விரலை இறுக்கிப் பிடித்தாள். கத்தியது மாமன்.

“மொட்டைக்கே மாமன் அழறாரு!” என்று சிரித்தார்கள். சுபாஷ் சிரிக்கவில்லை. வந்து கையைத் தூக்கிப் பார்த்தான். விரல் வீங்கி வெளுத்திருந்தது. டீசல் வாடை அடித்தது.

“குழாய்ல கை வெச்சீங்களா?”

“முள்ளு குத்திக்கிச்சு.”

“முள்ளு இல்ல தம்பி” என்றாள் அமிர்தம். “நட்டத் தடவிக்கினு இருந்தாரு.”

“மச்சான், டீசல் உள்ள ஏறிக்கினு கீது. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போவணும். எழுந்திருங்க.”

“புள்ள மடியில குந்திச்சு. காது குத்தாம எழுந்தா ஆவாது.”

 சுபாஷ் தன் குழந்தையைத் தாய்மாமன் மடியிலிருந்து தூக்கி மனைவி மணிமொழியிடம் கொடுத்துவிட்டான். சாமி முன்னால், அத்தனை உறவுக்கும் முன்னால். மணிமொழி ஓவென்று அழுதாள்.

“எம் மடியிலேர்ந்து தூக்கிட்ட இல்ல? இனிமே உன் வூட்டுக்கு மாமன் கிடையாது” என்றார் வீரமணி. உறவுக்காரர்கள் வந்த வேனில் கள்ளக்குறிச்சி போய்ச் சேரும்வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

ஆஸ்பத்திரியில் அறுத்துப் பார்த்தபோது டீசல் உள்ளங்கைவரை போயிருந்தது. விரலை எடுத்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கையையே எடுத்திருப்போம் என்றார் டாக்டர்.

எழில்மதியின் காது குத்தப்படாமலே கிடந்தது. வேறு மாமன் கிடையாது. தை மாதம் சுபாஷே வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கக் களமருதூருக்கு வந்தான். வீரமணி தட்டை வாங்கிக்கொண்டார்.

“உன் பேச்சக் கேட்டிருந்தா வெரலு இருந்திருக்கும். அன்னிக்கு நீ புள்ளயத் தூக்கலன்னா கையே போயிருக்கும். ரெண்டும் தெரியும் மாப்ள. சொல்றதுக்குத்தான் வாய் வரல.”

இந்த முறை மாப்பிள்ளை ஓட்ட, மாமன் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். ஆசாரி ஊசியை எடுத்தார். எழில்மதி பயந்துபோய், கண்ணை மூடிக்கொண்டு மாமன் கையைத் துழாவினாள். விரல் இருந்த இடத்தில் விரல் இல்லை. கண்ணைத் திறந்து பார்த்தாள். அழவில்லை. அடுத்த விரலைப் பிடித்துக்கொண்டாள்.