பார்லிக் கஞ்சி

மனைவி ரோஜா மாதா கோயில் பூசைக்குக் கிளம்பித் தெருமுனை திரும்பியதும் சவுரிராயன் கதவைச் சாத்தித் தாழ்போட்டான். போட்டுவிட்டு யோசித்தான். பட்டப்பகலில் உள்ளே தாழ்போட்ட வீடு என்றால் திண்டிவனத்தில் நாலு பேராவது வந்து என்ன ஏது என்று தட்டிப் பார்ப்பார்கள். தாழை எடுத்துவிட்டு வெறுமனே சாத்தி வைத்தான். அடுப்படி வரைக்கும் போனவன், அதுவும் மனசுக்கு ஒப்பாமல் திரும்பி வந்து மறுபடி தாழ்போட்டான். திருடப் போகிறவன்கூட இத்தனை தடவை கதவுக்கும் அடுப்புக்கும் நடந்திருக்க மாட்டான்.

ரோஜாவின் கல்யாணச் சீரில் வந்த பெரிய அண்டாவில் தண்ணீரை ஊற்றி அடுப்பில் ஏற்றினான். அண்டாவுக்குள் ஒரு பெரிய பையை விரித்து அதன் வாயை விளிம்பைச் சுற்றி மடித்துக் கயிறு கட்டினான். கொசுவலை மாதிரி கண்ணுள்ள துணி. தலையணை உறை என்று சொல்லித் தையல்காரரிடம் தைத்து வாங்கியது. எந்த ஊரில் வலைத்துணியில் தலையணை உறை தைக்கிறார்கள் என்று அந்த மனுஷனும் கேட்கவில்லை. தண்ணீர் பதமாகச் சூடானதும், முளைகட்டி வறுத்து உடைத்த பார்லியைப் பைக்குள் கொட்டிக் கட்டி தட்டாமல் துழாவினான். இனி ஒரு மணி நேரம் அந்தச் சூடு ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. அந்தச் சூட்டில்தான் தானியத்துக்குள் இருக்கும் மாவு இனிப்பாகித் தண்ணீரில் இறங்கும். பிறகு பையோடு சக்கையைத் தூக்கிவிட்டால் நிற்பது தெளிந்த இனிப்புத் தண்ணீர். அதைக் கொதிக்கவைத்து, கசப்புக்கு வேண்டிய பூவைப் போட்டு, ஆறியதும் ஈஸ்ட் தூவிக் கேனில் அடைத்து வைத்தால் சில வாரத்தில் பீர். அண்டாவை மூடிக் கம்பளியைச் சுற்றிவிட்டு அவன் பக்கத்திலேயே குந்தினான். குந்திய வேகத்தில் எழுந்தான்.

அவன் குடிக்கிறவன் இல்லை. குடிக்காதவன் எதற்கடா பீர் காய்ச்சுகிறான் என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்தான். பெங்களூரில் சொந்தமாக பீர் காய்ச்சி விற்கும் ஒரு பெரிய இடத்தில் பாத்திரம் கழுவச் சேர்ந்து, ட்ரம் கழுவி, தானியம் அள்ளி, கடைசியில் காய்ச்சுகிறவருக்கே வலதுகையாக ஆனவன். ஒரு வாய் எடுத்து நாக்கில் சுழற்றித் துப்பிவிட்டு, இன்னும் இரண்டு நாள் கிடக்கட்டும் என்பான். அவன் சொன்னால் அங்கே கிடக்கும். அந்த இடத்தை இழுத்து மூடினார்கள், இவன் ஊருக்கு வந்தான், இப்போது வீடு வீடாகத் தண்ணி கேன் போடுகிறான். மாடி ஏறி இறங்கியதில் ஒரு பக்கத் தோள் தாழ்ந்தே போய்விட்டது. தோள் வலியைக்கூடப் பொறுத்துக்கொள்வான். இரண்டு நாள் கிடக்கட்டும் என்று இப்போது எதைப் பார்த்தும் சொல்ல முடியவில்லையே, அதுதான் அவனை நிற்கவிடாமல் விரட்டியது.

ரோஜாவுக்கு இதில் ஒன்றும் தெரியாது. பெண் பார்க்கப் போனபோதே அவள் ஒரே ஒரு கண்டிஷன் போட்டிருந்தாள். அவளுடைய அப்பா ஒலக்கூர்ப் பக்கம் வேலிக்காத்தான் புதருக்குள் சாராயம் காய்ச்சியவர். ஊறல் பானைக்குக் காவலாகச் சின்ன வயசில் இவளைத்தான் உட்கார வைப்பார். போலீஸ், கோர்ட்டு, ஈரல் என்று வரிசையாகப் பார்த்து முடித்தவள், குடிக்கிற வாசனையும் காய்ச்சுகிற வாசனையும் என் வீட்டுக்குள் வரக்கூடாது என்று நடுவீட்டில் எல்லோர் முன்பாகவும் சொன்னாள். பெங்களூரில் என்ன வேலை என்று கேட்டார்கள். கஞ்சி மாவு கம்பெனி என்றான். பார்லியும் கஞ்சிதானே என்று அன்றைக்குத் தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டவன், அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டே இத்தனை வருஷம் குடும்பம் நடத்திவிட்டான்.

புதுச்சேரியில் ஜெகதீசன் என்று ஒருவர் பீர் காய்ச்சி விற்கும் இடம் ஒன்று திறக்கப் போகிறார் என்று பழைய சிநேகிதன் சொல்லி, இவன் போய்ப் பார்த்தான். ஆள் நன்றாகத்தான் பேசினார். ஆனால் கையில் சர்ட்டிபிகேட் இல்லாதவனை எப்படி நம்புவது, வாயால் எல்லாரும்தான் காய்ச்சுகிறார்கள், நீயே பண்ணி ஒரு பாட்டில் கொண்டுவந்து கொடு, குடித்துப் பார்த்துச் சொல்கிறேன் என்றார். புதுச்சேரியில் அவர் லைசென்ஸ் வாங்கிக் காய்ச்சலாம். திண்டிவனத்தில் இவன் வீட்டு அடுப்பில் காய்ச்சினால் அதற்குப் பெயர் வேறு, கேஸும் வேறு. ரோஜா வீட்டைவிட்டுப் போய்விட்டால் அதற்கு ஜாமீனும் கிடையாது.

மூடியைத் திறக்கக் கூடாது என்று தெரிந்தும் நாலு தடவை திறந்தான். ஒவ்வொரு தடவையும் சூடு கொஞ்சம் இறங்கியது. அடுப்பை ஏற்றினான், ஏறிவிட்டது, அணைத்தான். வாசனை வேறு வீட்டை நிறைத்துக்கொண்டு வந்தது. கேப்பைக் களி கிண்டும்போது வருமே, அதில் வெல்லம் போட்ட மாதிரி. ஜன்னலைத் திறந்தால் தெருவுக்குப் போகிறது, மூடினால் சுவரிலேயே தங்கிவிடும் போலிருக்கிறது. மாதா படத்துக்கு முன்னால் ஊதுவத்தியைக் கொத்தாகக் கொளுத்தி வைத்தான். பூசை முடிந்ததும் ரோஜா நேராகப் பூமாலை அக்கா வீட்டுக்குப் போய்விடுவாள். தெருவில் உள்ள குடும்பங்கள் வாரம் ஒரு வீட்டில் கூடிச் செபமாலை சொல்லும் அன்பியம் இந்த வாரம் அங்கேதான். மத்தியானம் வரைக்கும் பயமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கூரை ஷீட்டைத் தாங்கும் இரும்புக் குழாயில் கயிற்றைப் போட்டுப் பையை இழுத்துக் கட்டினான். தண்ணீர் குடித்த பை கன்றுக்குட்டி கனம் கனத்தது. அதன் அடியிலிருந்து தேன் நிறத்தில் ஒழுகியது. எத்தனையோ மாசத்துக்குப் பிறகு சவுரிராயன் சிரித்தான்.

வாசலில் பேச்சுக்குரல் கேட்டது அப்போதுதான். ஒரு குரல் இல்லை, ஒரு கூட்டம். கதவைத் தட்டியது ரோஜா.

சட்டை நனைந்து ஒட்டக் கதவைத் திறந்தவனைத் தாண்டிக்கொண்டு பெண்கள் உள்ளே வந்தார்கள். பூமாலை அக்கா முன்னால் வந்தாள். தெருவில் யார் வீட்டுச் சண்டை என்றாலும் அவள்தான் தீர்த்து வைப்பாள். அன்பியம் இன்றைக்கு இங்கேதானாம். ஏன் என்று யாரும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. கேட்டால் பேச்சு வளரும், பேச்சு வளர்ந்தால் அடுப்படிக்குப் போகும். பாய் விரிந்தது, மெழுகுவர்த்தி வந்தது, செபமாலை தொடங்கியது. முன்னறைக்கும் அடுப்படிக்கும் நடுவில் ஒரு துணித் திரைதான். அதற்கு இந்தப் பக்கம் சவுரிராயன் நின்றான். அண்டாவைக் கொதிக்கவைக்க வேண்டிய நேரம். அடுப்பைப் பற்றவைத்தால் வாசனை இன்னும் தூக்கும். பற்றவைக்காமல் விட்டால் இத்தனை பாடும் புளித்துப் போகும். அருள் நிறைந்த மரியே என்று தொடங்கும் செபம் அந்தப் பக்கம் ஒவ்வொரு முறை முடியும்போதும் இந்தப் பக்கம் பையிலிருந்து சொட்டுகிற சத்தம் ஊருக்கே கேட்கிற மாதிரி இருந்தது. அவன் உள்ளங்கையை அடியில் ஏந்திப் பிடித்தான்.

நடுவில் ரோஜா தீப்பெட்டிக்காக உள்ளே வந்தாள். தொங்குகிற பையைப் பார்த்தாள், அண்டாவைப் பார்த்தாள், கையேந்தி நிற்கிற புருஷனைப் பார்த்தாள். மாடத்திலிருந்து தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். 

செபம் முடிந்தது. பாட்டும் முடிந்தது. முடிந்த கையோடு பூமாலை அக்கா திரையை விலக்கிக்கொண்டு நின்றாள்.

"இன்னா தம்பி சமைக்கிறே? வாசன தூக்குது. செபத்துல எனக்கு மனசே நிக்கல."

அவளுக்குப் பின்னால் எல்லாத் தலைகளும் எட்டிப் பார்த்தன. கடைசியில் ரோஜா, சுவரில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு, அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். உண்மையைச் சொல்ல ஒரே ஒரு சொல் போதும். அது தொண்டை வரைக்கும் வந்தது. அதற்குள் பழகிப்போன சொல் முந்திக்கொண்டது.

"பார்லிக் கஞ்சிக்கா."

கஞ்சி என்று சொன்ன பிறகு மறைக்க என்ன இருக்கிறது? செபம் வைத்த வீட்டில் ஏதாவது ஒன்று கொடுத்து அனுப்புவதுதான் வழக்கம். டீயோ, சுண்டலோ, ஒன்றும் முடியாதவர்கள் பிஸ்கட்டோ. இவர்கள் வீட்டில் அண்டா நிறையக் கஞ்சியே இருக்கிறது. எங்களுக்காகவா தம்பி காலையிலிருந்து கஷ்டப்பட்டுக்கினு இருந்தே என்று பூமாலை அக்கா உருகிவிட்டாள். இப்படி ஒரு புருஷன் யாருக்கு வாய்க்கும் என்று இன்னொருத்தி ரோஜாவின் தோளை இடித்தாள். ரோஜா டம்ளர்களை எடுத்து வரிசையாக வைத்தாள். செம்பால் மொண்டு மொண்டு அவளே ஊற்றினாள்.

நன்றாக இருக்கிறது என்றார்கள். சர்க்கரையே போடாமல் எப்படி இத்தனை தித்திப்பு என்றார்கள். ஏலக்காய் தட்டிப் போட்டிருக்கலாம் என்றாள் ஒருத்தி. சுகர் இருக்கிறவர்கள் குடிக்கலாமா என்று கேட்டுக்கொண்டே ஒருத்தி இரண்டாவது டம்ளருக்கு நீட்டினாள். சவுரிராயன் அண்டாவின் உட்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு செம்புக்கும் விளிம்பிலிருந்து ஒரு வளையம் கீழே இறங்கியது. ஜெகதீசனுக்குக் கொடுக்க வேண்டிய பாட்டில், அதற்குப் பக்கத்தில் நிற்க வேண்டிய பாட்டில்கள், பெரிய ட்ரம்கள், தன் சொல்லுக்குக் காத்துக் கிடக்கும் ஒரு முழு அறை எல்லாமே எவர்சில்வர் டம்ளரில் போய்க்கொண்டிருந்தன. அவனுக்கு அழுகை வந்தது. நல்லா இருக்குதாக்கா என்று கேட்டுக்கொண்டு நின்றான்.

எல்லாரும் போன பிறகு ரோஜா பாயைச் சுருட்டி வைத்தாள். டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டே, அவன் பக்கம் திரும்பாமல் சொன்னாள்.

"கட்டிலுக்கு அடியில கேனு மூடியில காத்து போறதுக்கு ட்யூபு சொருவி வெச்சிக்கிறீங்க. காலைல பெருக்கும்போது பாத்தேன். ஊறல் வூட்ல பொறந்தவளுக்கு அது தெரியாதா?"

 அப்படியென்றால் பூசைக்குப் போகும்போதே அவளுக்குத் தெரியும்.

"நான்தான் அவுங்கள இங்க இட்டுக்கினு வந்தேன். தனியாக் கேட்டா எதுனா சொல்லி சமாளிப்பீங்க. அத்தினி பேர் முன்னாடி இன்னா சொல்றீங்கன்னு பாக்கணும்போல இருந்துச்சி."

இது சாராயம் இல்லை, பீர் என்று ஆரம்பித்தான். நான் குடிக்கிறவன் இல்லை, உனக்கே தெரியும் என்றான். அப்புறம் எப்படியோ மடை திறந்துகொண்டு எல்லாம் வந்துவிட்டது. பெங்களூர், ட்ரம், நாக்கில் சுழற்றித் துப்புவது, கஞ்சி மாவு கம்பெனி என்று ஒன்று இல்லவே இல்லை என்பது, ஜெகதீசன், பாட்டில். கேன் தூக்கித் தூக்கி நான் செத்துக்கினு இருக்கேன் ரோஜா என்றும் சொன்னான்.  அவள் டம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினாள். அடுக்கியதைப் பிரித்துத் திரும்பவும் அடுக்கினாள்.

"எங்கப்பாவும் மொதல்ல குடிக்க மாட்டாரு. காச்சறதோட சரி. யாருனா வந்து கேட்டா மாட்டுக்கு ஊற வெச்சதுன்னு சொல்வாரு. என்னயும் அப்பிடித்தான் சொல்லச் சொல்வாரு, நானும் சொல்லுவேன்." அவள் குரல் உடையவில்லை. உடைந்திருந்தால் அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "அந்த வேல கெடச்சி நீங்க போறீங்கன்னே வெச்சிக்கலாம். உன் வூட்டுக்காரரு இன்னா பண்றாருன்னு இந்தத் தெருவுல கேப்பாங்க. நான் கஞ்சின்னு சொல்லணுமா?"

பைக்குள் சக்கை ஆறிக்கொண்டிருந்தது.  இல்லை என்று சொன்னால் பிறகு வேறு என்ன சொல்வது என்று அவள் கேட்கப் போவதில்லை. அவனே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். அண்டாவைத் துடைக்கிற மாதிரி கந்தையை எடுத்தான், வைத்தான், வாசல் வரைக்கும் நடந்தான். அங்கே பூமாலை அக்கா கையில் சொம்போடு செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

புள்ள பெத்த மருமகள் ஒரு வாய் சாப்பிட மாட்டேன் என்கிறாள், பால் போதவில்லை, இந்தக் கஞ்சி மீதி இருந்தால் அவளுக்குக் கொஞ்சம் வேண்டும் என்றாள். உரிமையோடு அடுப்படிக்குள் வந்தவள் நிமிர்ந்து பையைப் பார்த்தாள். வலையைப் பார்த்தாள், கயிற்றைப் பார்த்தாள். ஆச்சரியத்தில் சொம்பை இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"கஞ்சிக்கா தம்பி இம்மாம் வேல? எங்க கத்துக்கினே இத?"

 ரோஜா அடுக்கிய டம்ளர்களை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

சவுரிராயன் அண்டாவின் மூடியைத் திறந்தான். அடியில் ஒரு சாண் உயரம் மிச்சம் இருந்தது. செம்பை எடுத்தான். எடுத்த செம்பு தண்ணீரைத் தொடாமல் பாதியில் நின்றது.

"அக்கா," என்றான். "பெங்களூர்ல..."

பூமாலை அக்கா சொம்பை இரண்டு கையாலும் நீட்டிக்கொண்டு நின்றாள். ரோஜாவின் மடியில் டம்ளர்கள் லேசாக ஒன்றோடொன்று இடித்துக்கொண்டிருந்தன. அவள் அவற்றின் மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டாள்.